ப்ளக்கைப் பிடித்த கை

கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது என்பதே கொக்கிக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரியும். தெரிந்த அரை மணி நேரத்தில் அதில் ஒன்றுக்காகத் தன் விரல் எலும்பு நொறுங்கப் போகிறது என்பது தெரியாது.

மர மில்லில் அவன் வேலை கட்டை இழுப்பது. லாரியிலிருந்து உருட்டிவிடும் கட்டையை இரும்புக் கொக்கியால் கவ்வி, ரம்பத்து மேடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இருபத்தாறு வருடமாக இழுக்கிறான். சொந்தப் பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி மேஸ்திரியிலிருந்து பெண்டாட்டி வரைக்கும் எல்லாருக்கும் அவன் கொக்கிதான். பகலெல்லாம் இடுப்பில் தொங்குகிற கொக்கி, தூங்கும்போது தலைமாட்டு ஆணியில் தொங்கும். நாற்பத்து நாலு வயதில்தான் எழுத்துப் படித்தான். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்து வாசித்துவிடுவது பழக்கம். எண்கள் இன்னும் சுலபம். எண்கள் மட்டும் அவனை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஆபீஸ் ரூமில் மேஜையை நகர்த்த ஆள் வேண்டும் என்று முதலாளி அவனை அனுப்பியிருந்தார். கட்டையை அளக்கப் புதிதாக ஒரு புரோகிராம் வாங்கியிருந்தார்கள். அது லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தில்தான் ஓடுமாம். பில் போடுகிற புரோகிராம் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும், ஒன்று மேல் ஒன்று கை வைக்கக் கூடாது என்று சொல்லி, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பெண்ணை வரவழைத்திருந்தார். மில் ஆட்களுக்கு அவள் பெட்டிக்காரம்மா. வயது முப்பதுக்குள். கையும் ஓயாது, வாயும் ஓயாது.

"அண்ணே, தூக்குங்க. இழுக்காதீங்க. இது கட்டை இல்ல."

"தூக்குறதுக்கு நான் யானை இல்லம்மா."

"யானை கிடைச்சிருந்தா உங்கள எதுக்குக் கூப்பிடுறேன்?"

மேஜை சுவரோரம் போனது. அவள் ஒரு பென் டிரைவைச் செருகிப் பெட்டியை உயிர்ப்பித்தாள். திரையில் இரண்டு நீளப் பட்டைகள் வந்தன. கொக்கி போகாமல் நின்று பார்த்தான்.

"இது முதல் டிஸ்க். இதத் தொடவே மாட்டேன். இது ரெண்டாவது. மஞ்சளா இருக்கிறது உள்ள கிடக்கிற சரக்கு, வெள்ளை காலி. காலிப் பக்கத்தை வெட்டி எடுத்து அதுல லினக்ஸ உக்கார வைக்கணும்."

"சாக்பீஸ்ல கோடு போட்டு அறுக்கிற மாதிரி."

"அதேதான். ஆனா அறுக்குறதுக்கு முன்னாடி, அங்கங்க சிதறிக் கிடக்கிற சரக்கை எல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கணும். ஒதுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, அவ்வளவுதான். பாதி இங்க, பாதி அங்கன்னு ஒண்ணும் தேறாது."

"என்ன சரக்கும்மா அது?"

"கேமராப் பதிவு."

வாசலில் யாரோ காலைத் தேய்த்தார்கள். மேஸ்திரி. கையில் கட்டை அளக்கிற இரும்புக் கோல். நெற்றியில் ஏழு தையல், முகமெல்லாம் இன்னும் வீக்கம், முன்பல் ஒன்று கிடையாது.

"கேமராவா? அந்த வயரை நான்தான் புடுங்கி விட்டேனே, எட்டு நாளாச்சு."

"நல்ல காரியம் பண்ணீங்க மேஸ்திரி" என்றாள் பெட்டிக்காரம்மா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "விட்டிருந்தா ஏழு நாளைக்கு ஒருக்கா பழசு மேலயே புதுசை எழுதிக்கிட்டுப் போயிருக்கும். நீங்க புடுங்கினதால அன்னைக்கு வரைக்கும் உள்ளது அப்படியே பத்திரமா இருக்கு."

மேஸ்திரியின் நெற்றித் தையல் துடித்ததை அவள் பார்க்கவில்லை. கொக்கி பார்த்தான்.

எட்டு நாளைக்கு முன்னால் நடந்தது இதுதான். ரம்பத்தில் நின்றது கொக்கியின் மச்சினன், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. ரம்பத்துக்கு மூடி இல்லை. மூடி இருந்தால் வேலை மெதுவாகிறது என்று மேஸ்திரி கழற்றிப் போட்டு மூன்று மாதமாகியிருந்தது. அன்றைக்கு மற்ற ஆட்கள் டீக்கு வெளியே போயிருந்த நேரத்தில் மரச் செதில் ஒன்று சக்கரத்தில் சிக்கி ரம்பம் நின்றுவிட்டது. மேஸ்திரி சுவிட்சை அணைத்து, "கைய விட்டு எடுடா" என்றான். மச்சினன் கையை விட்டான். மேஸ்திரிக்கு ஒரு விளையாட்டு உண்டு. எவனாவது ரம்பத்துக்குள் கை விட்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டி உடனே அணைப்பான். அவன் துள்ளிக் குதிப்பதைப் பார்த்துச் சிரிப்பான். பத்துப் பேரிடம் விளையாடியிருக்கிறான், பத்துப் பேரும் தப்பித்திருந்தார்கள். அன்றைக்குத் தட்டிய நேரத்தில் செதில் விடுபட்டுக்கொண்டது. ரம்பம் சுற்றியது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர நாலும் மேடை மேல் விழுந்தன.

பத்தடி தள்ளி நின்றிருந்த கொக்கிக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அடுத்து அவனுக்கு ஞாபகம் இருப்பது மேஸ்திரியின் பல் தன் கைமுட்டியில் குத்தியது. அதற்கடுத்து மச்சினனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. "நாலு அடி அடிச்சேன், உடனே தூக்கிட்டு ஓடினேன்" என்று வீட்டில் சொன்னான். விரல்களைத் துணியில் முடிந்து எடுத்துப் போனார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு விரலையாவது ஒட்ட வச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். லெவல் கிராசிங்கில் ரயிலுக்காக நின்றோம் என்று வீடே ரயிலைத் திட்டித் தீர்த்தது.

மேஸ்திரி முதலாளியிடம் வேறு கதை சொன்னான். பையன் குடித்துவிட்டு வந்தான், மிஷின் ஓடும்போது தானே கையை விட்டான், பிடித்து இழுக்கப் போன தன் மேல் கட்டை உருண்டு நெற்றியும் பல்லும் போனது. சொட்டுக் கள்ளைக்கூட நாக்கில் வைத்து அறியாதவன் மச்சினன். கொக்கி மறுத்துச் சொன்னதற்கு முதலாளி, "நீ அவனுக்குச் சொந்தக்காரன், அப்படித்தான் சொல்லுவ" என்று முடித்துவிட்டார். தன்னை அடித்தது கொக்கிதான் என்று மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏன் அடித்தான் என்ற கேள்வி வரும். ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடித்துக்கொண்டு எட்டு நாள் ஓடிவிட்டது. குடித்திருந்தேன் என்று எழுதிய தாளில் மச்சினன் நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தோடு வேலையும் போகும், போலீஸ் விசாரணையும் முடியும்.

"மொத்தமா அழிச்சிடும்மா" என்றான் மேஸ்திரி. "முழு டிஸ்க்கும் லினக்ஸுக்கே இருக்கட்டும்."

"முதலாளி இருக்கிறதை வச்சுக்கிட்டு செய்யச் சொன்னார். போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். உன் வேலையைப் பாரு."

அவள் கோட்டை இழுத்து வைத்துப் பொத்தானை அமுக்கினாள். எண் ஒன்று ஓடத் தொடங்கியது. நூற்றுக்கு இரண்டு. அப்போது மேஜைக்கடியில் ப்ளக் பொறி விட்டது. அவள் குனிந்து பார்த்து நாக்கைக் கடித்தாள். சுவர் ஓட்டை தேய்ந்து தொளதொளத்திருந்தது. கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரிப் பெட்டியோ செத்துப் போய் ஒரு வருடமாகிறது.

"அண்ணே, உங்கள விட்டா ஆள் இல்ல. இப்படி உக்காந்து இதை அமுக்கிப் பிடிச்சுக்கங்க. நூறு வர்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. நாப்பது நிமிஷம். நான் முதலாளி வீட்டுக்குப் போய்ப் புது புரோகிராமோட சாவி நம்பர் எழுதின சீட்டை வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

கொக்கி தரையில் உட்கார்ந்து, இடது கையால் ப்ளக்கைச் சுவரோடு சேர்த்து அமுக்கினான். அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மச்சினன் கை அறுபட்டது அதில் இருந்தால், தான் மேஸ்திரியை அடித்ததும் அதில்தான் இருக்கும். அவள் போய்விட்டாள்.

மேஸ்திரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"கைய எடு" என்றான் நிதானமாக. "யார் கேட்டாலும் ப்ளக் தானா கழண்டுச்சுன்னு சொல்லு. அவளே பார்த்துட்டுத்தான் போயிருக்கா. நான் தட்டினதும் போச்சு, நீ அடிச்சதும் போச்சு. ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கலாம்."

கொக்கி எண்ணைப் பார்த்தான். பதினொன்று. பொய் சொல்வானேன், கை கொஞ்சம் தளர்ந்தது. ஜெயில் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ப்ளக் ஒரு நூல் அளவு வெளியே வந்தது.

அதோடு விட்டிருந்தால் மேஸ்திரி ஜெயித்திருப்பான். அவனுக்கு வாய் நிற்காது.

"உன் மச்சினனுக்கும் ஒண்ணும் கெட்டுப் போகல. கட்டைவிரல் மிச்சம் இருக்குல்ல? நாளைக்குத் தாள்ல ரேகை வைக்க அது போதும்."

சிரித்தான். பல் போன ஓட்டை வழியாகக் காற்று வந்தது.

கொக்கி ப்ளக்கை அழுத்தி உள்ளே தள்ளினான். "நீ போய் உன் வேலையைப் பாரு மேஸ்திரி. நூறு ஆகட்டும்."

முதல் அடி தோளில் விழுந்தது. இரும்புக் கோல் எலும்பில் பட்ட சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி காது மேல். கண்ணுக்குள் வெள்ளையாக மின்னியது. வெளியே ரம்பம் ஈரக் கட்டையை அறுத்து ஓலமிட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஒருத்தனைக் கொன்று போட்டாலும் அந்தச் சத்தத்தில் வெளியே கேட்காது.

"எடுடா கைய!"

"மெயினை அணையேன், வீரன்தானே?"

அணைக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மெயினை அணைத்தால் ரம்பம் கட்டையைக் கடித்தபடியே நின்றுவிடும், பத்துப் பேர் ஓடிவந்து யார் என்று கேட்பார்கள். பெட்டியை உடைக்கவும் முடியாது, மில்லின் மொத்த பில்லும் அதற்குள் இருக்கிறது. பட்டனில் அணைத்தால் யாரோ அணைத்தது அவளுக்குத் தெரிந்துவிடும். ப்ளக் தானாகக் கழல வேண்டும். அதற்கு நடுவில் இருந்தது கொக்கியின் கை ஒன்றுதான்.

மேஸ்திரி அந்தக் கையை அடிக்கத் தொடங்கினான். மணிக்கட்டில், புறங்கையில். தோல் கிழிந்து ரத்தம் ப்ளக் மேல் வழிந்தது. கரண்ட் அடிக்குமோ என்று கொக்கி பயந்தான். அடித்தாலும் கை ஒட்டிக்கொள்ளும், நல்லதுதான் என்று அடுத்த நொடி தோன்றியது. முப்பத்து நாலு. முப்பத்தைந்து. இந்த எண்ணுக்குக் கால் முளைக்காதா என்றிருந்தது. மேஸ்திரி கோலைப் போட்டுவிட்டு, ஷூக் காலால் அந்தக் கையைச் சுவரோடு சேர்த்து மிதித்தான். ஒரு விரல் முறிந்தது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அடுத்தது. கொக்கி தன் மேல்சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு கத்தினான். கை மட்டும் விலகவில்லை, மிதிக்க மிதிக்கப் ப்ளக் இன்னும் உள்ளேதான் போனது. அது மேஸ்திரிக்கு உறைத்தபோது ஐம்பத்தெட்டு.

காலை எடுத்துவிட்டு, குனிந்து வயரை இழுக்கப் பார்த்தான். அந்தக் குனிதல்தான் கொக்கிக்கு வேண்டியிருந்தது. வலது கை இடுப்புக்குப் போனது. இருபத்தாறு வருடப் பழக்கம், யோசிக்க வேண்டியதில்லை. இரும்புக் கொக்கி மேஸ்திரியின் கணுக்காலுக்குப் பின்னால் விழுந்து கவ்வியது. ஒரே இழுப்பு. மேஸ்திரி மல்லாக்க விழுந்தான், பின்மண்டை மேஜைக் காலில் மோதியது. எழுவதற்குள் கொக்கியின் கூர்முனை அவன் தாடைக்குக் கீழே, தொண்டைக் குழியில் நின்றது.

"அசையாதே. ஈரக் கட்டையிலேயே மூணு விரல்கடை இறங்கும் இது. உன் தொண்டை என்ன, தேக்கா?"

மேஸ்திரி அசையவில்லை. தோலில் ஒரு சொட்டு ரத்தம் கூர்முனையைச் சுற்றிப் பூத்தது. இடது கையில் ப்ளக், வலது கையில் ஒரு மனுஷனின் உயிர், கண் திரையில். அறுபத்து மூன்று. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்று கை கேட்டது. உண்மையாகவே கேட்டது. கொக்கி அதற்குப் பதில் சொல்லாமல் எண்ணை மட்டும் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். அறுபத்து நாலு. அறுபத்தைந்து.

எழுபதுக்கு மேல் மேஸ்திரி மெல்லப் பேசினான். மிரட்டல் போய்விட்டிருந்தது.

"அன்னைக்கு நீ என்ன பண்ணேன்னு உனக்கே தெரியாது. நான் கீழ கிடந்து பார்த்தேன். பார்த்தா நீயே அழிக்கச் சொல்லுவ."

"நாலு அடி அடிச்சேன். உனக்கு அது பத்தல."

"நாலா?" என்றான் மேஸ்திரி. கண்ணை மூடிக்கொண்டான்.

தொண்ணூற்று ஏழில் கதவைத் தட்டினார்கள். நூறுக்கு அப்புறம்தான் கொக்கி, "எந்திரிச்சுத் திற" என்றான். வாசலில் பெட்டிக்காரம்மா, அவள் பின்னால் முதலாளி, அவருக்குப் பின்னால், தாளைப் படித்துப் பார்க்க வரச் சொல்லியிருந்த மச்சினன், கையில் பந்து மாதிரிக் கட்டு. பெட்டிக்காரம்மா ரத்தத்தைப் பார்த்து அலறினாள்.

"முடிஞ்சுதான்னு பாரும்மா" என்றான் கொக்கி.

"கை... அண்ணே, உங்க கை..."

"பாரும்மா முதல்ல!"

பார்த்தாள். மஞ்சள் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. பக்கத்தில் வெள்ளை சுத்தமாக, கோடு போட்டு அறுத்த மாதிரி. "ஒண்ணும் போகல. இனி லினக்ஸ ஏத்த வேண்டியதுதான்."

"அது கிடக்கட்டும். அதைத் திற. எட்டு நாளைக்கு முன்னாடி, பதினோரு மணி."

மேஸ்திரி வெளியே நழுவப் பார்த்தான். முதலாளி ஒரு கையை நீட்டி வாசலை மறித்தார். கை நீட்டியவர் அப்புறம் மடக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

படத்துக்குச் சத்தம் கிடையாது. மேலேயிருந்து எடுத்தது, எல்லாருக்கும் உச்சந்தலைதான் தெரிந்தது. மூலையில் மணி ஓடியது. பதினொன்று ஆறு. மச்சினன் குனிகிறான். மேஸ்திரியின் கை சுவிட்சுக்குப் போகிறது. மேஸ்திரி தோள் குலுங்கச் சிரிப்பது மேலேயிருந்துகூடத் தெரிந்தது. அப்புறம் மேடை சிவந்தது, ரம்பம் சுற்றி நின்றது.

"கடவுளே" என்றார் முதலாளி. "குடிச்சிருந்தான்னு சொன்னியேடா."

கொக்கிக்கு உடம்பெல்லாம் லேசானது. சரி, முடிந்தது. இனி தன்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் போகட்டும். படத்தில் அவனே ஓடிவந்தான். அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து. அவன் எண்ணுவதை நிறுத்தினான். படத்தில் அடி நிற்கவில்லை. மேஸ்திரி விழுந்த பிறகும் நிற்கவில்லை. பதினொன்று எட்டு. கொக்கி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு அடித்தான். பதினொன்று ஒன்பது. பின்னால் மச்சினன் ஒற்றைக் கையால் சட்டையைக் கழற்றி, பல்லால் இழுத்து, தன் கையைத் தானே சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றத் தெரியாமல் சுற்றினான். விழுந்தான். தவழ்ந்து வந்தான். தரையில் அகலமாக ஒரு கோடு அவன் கூடவே வந்தது. நல்ல கையை நீட்டி அடிப்பவனின் காலைப் பிடித்தான்.

படத்திலிருந்த கொக்கி காலை உதறினான். நாயை உதறுகிற மாதிரி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொன்று பதின்மூன்றுக்குத்தான் எழுந்து, சுற்றிலும் பார்த்து, மச்சினனைத் தூக்கினான்.

ஏழு நிமிடம். லெவல் கிராசிங்கில் ரயிலுக்காக நின்றதே நாலு நிமிடம்தான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "போலீஸுக்கு முதல் ஒரு நிமிஷம் போதும்மா. அதுவரைக்கும் வெட்டிக் குடு. மிச்சம் நம்ம மில்லு விஷயம்." கொக்கியைப் பார்க்காமல்தான் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

பெட்டிக்காரம்மா கொக்கியைப் பார்த்தாள். கொக்கி மச்சினனைப் பார்த்தான். மச்சினன் கண் திரையிலேயே இருந்தது. அங்கே காலியான மேடையும், கீழே நீளமாக ஒரு கோடும்தான் மிச்சம்.

"வெட்டாதம்மா" என்றான் கொக்கி. "முழுசாக் குடு."

அவள் இன்னொரு பென் டிரைவைச் செருகினாள். எண் மறுபடி ஒன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. கொக்கி இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தான். ப்ளக்கைச் சுற்றியிருந்த விரல்கள் வீங்கிக் கறுத்து, யாருடையதோ மாதிரி இருந்தன. விடச் சொன்னாலும் அவற்றுக்கு விடத் தெரியாது.

மச்சினன் வந்து பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"வலிக்குதா மாமா?"

"ம்."

"எனக்கும் அன்னைக்கு வலிச்சுது. கூப்பிட்டேன். கேக்கலியா?"

ரம்பச் சத்தம் என்று சொல்ல வந்தான் கொக்கி. ரம்பம் அப்போது நின்றிருந்தது. படத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

"கேக்கல மாப்ளே."

மச்சினன் தலையை ஆட்டினான். நம்பினானா, இல்லையா என்று தெரியவில்லை.

"அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்றான். "அவ இன்னும் ரயிலைத் திட்டிட்டு இருக்கா."

திரையில் எண் நாற்பதைத் தாண்டியது. கொக்கி ப்ளக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.